அந்தப் புள்ளிக்கோட்டு வழியில் போகாதே

மகனே,

உன் சைக்கிள் எங்கே சாய்ந்திருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். ஒரு கல்லிலோ கட்டையிலோ உட்கார்ந்து இதைப் படி. நின்றுகொண்டு படித்தால் பாதியில் கிளம்பிவிடுவாய். எதையும் முழுசாகக் கேட்காமல் மிதிக்கத் தொடங்குகிற ஆள் நீ. என்னிடம் வளர்ந்தவன் வேறெப்படி இருப்பாய்? அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயர் சுற்றி வந்த காகிதத்தில் உனக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தேன் அல்லவா? அதில் கடல் நிலத்துக்குள் புகுந்திருக்கும் ஓர் இடத்தில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு புள்ளிக்கோடு போட்டு, "குறுக்கு வழி, மூன்று மைல், உறைந்த கடல், அருமையான சவாரி" என்று எழுதியிருக்கிறேன். அந்த வழியில் போகாதே. நான் அதைக் கடந்ததே இல்லை. கடந்ததாகச் சொன்னது பொய்.

இனி நிதானமாகச் சொல்கிறேன். இந்தக் கடிதம் உனக்குத் தபாலிலும் வரும், பத்திரிகையிலும் வரும். நம் வீட்டு விஷயத்தை ஏன் ஊர் முழுக்கப் படிக்கக் கொடுக்கிறேன் என்று உன் சித்தி கேட்டாள். ஊர் முழுக்கக் கேட்ட பொய்யை வீட்டுக்குள் மட்டும் திருத்தினால் போதுமா? நான் ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்று தேசத்தையும் கடலோரமாகத் தன்னந்தனியாகச் சைக்கிளில் சுற்றி வந்த கதை ரங்கூன் லத்தாப் பேட்டைச் சீனத் தச்சர்களுக்குத் தெரியும், மோஹிங்கா மீன் சேமியா விற்கிற அம்மாவுக்குத் தெரியும், டல்லா கப்பல் பட்டறையில் உன்னோடு வேலை செய்கிற பிட்டர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நம் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வருகிறவன்கூடக் கதை முடியும்வரை சைக்கிளை எடுக்க மாட்டான். ரங்கூனில் மணிச் சத்தத்தைக் கேட்டே எந்த ஊரில் செய்த சைக்கிள் என்று சொல்கிறவன் நான் ஒருவன்தான். மாண்டலேயில் இன்னொருவர் இருந்தார். என்னைக் கேள்விப்பட்டதும் தையல் கடை வைத்துவிட்டார். இப்படிப்பட்ட மனிதன் ஒரு விஷயத்தில் பொய் சொன்னேன் என்று அச்சில் ஒத்துக்கொள்கிறான் என்றால், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீயே யோசித்துக்கொள்.

உன் அப்பா, என் அண்ணன், காய்ச்சலில் போனபோது உனக்கு நான்கு வயது. உன் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். உனக்குச் சோறு போட்டது உன் சித்தி. கதை போட்டது நான். நான் நாலாங்கிளாஸ் வரை படித்தவன். ஐந்தாங்கிளாஸ் வாத்தியாருக்கு என்னைச் சமாளிக்கத் தெம்பு இல்லை என்று பள்ளிக்கூடத்திலேயே பேசிக்கொண்டார்கள். அதனால் புத்தகத்திலிருந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் போன ஊர்களைச் சொன்னேன். சிவப்புச் சாயம் அடித்த மரவீடுகள், வாசலில் கொடிகட்டி உலர்த்திய வலைகள், பாதை ஓரத்தில் பால் பாத்திரம் வைக்கிற மரமேடைகள், ஊருக்கு ஊர் மாதா கோயில் கோபுரம், எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே வருகிற காற்று. இவையெல்லாம் நிஜம். நீ போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். ராஜா கோச்சு வண்டியை நிறுத்தி இறங்கி வந்து என் சைக்கிளின் செயினைத் தொட்டுப் பார்த்தார் என்றேனே, அது ராஜா இல்லை, தபால்காரர். ஆனால் நல்ல மீசை. ஒருநாள் நீ கண்ணை அகல விரித்துக்கொண்டு, "அந்த உறைஞ்ச கடல் வந்துச்சே, அதுல போனீங்களா சித்தப்பா?" என்று கேட்டாய். உனக்கு ஒன்பது வயது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். "பின்னே? ஓட்டுனேன் பாரு!" என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் பின்னாளில் புள்ளி புள்ளியாகப் படத்தில் வைத்தேன்.

பொங்கல் கழிந்து நீ கிளம்பிய அன்று துறையில் நடந்ததை நினைத்துப் பார். நீ பிட்டராகப் போகிற அரிசிக் கப்பல் சங்கு ஊதிவிட்டது. உன் சைக்கிளைச் சாக்கில் சுற்றி மேலே ஏற்றிவிட்டார்கள். கப்பல் ஸ்வீடனில் ஒரு மாதம் பழுதுபார்க்க நிற்கும், அந்த ஒரு மாதமும் சித்தப்பா போன வழியிலேயே தனியாகப் போகப் போகிறேன் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னைத் தனியே இழுத்து, "டேய், அந்தக் குறுக்கு வழி மட்டும் வேணாம்டா" என்றேன்.

"ஏன் சித்தப்பா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம் விடவில்லை. "அங்க இப்போ கொள்ளைக்காரங்க இருக்காங்களாம்" என்றேன்.

"கடல் மேலயா? பனிக்கட்டியில உக்காந்துக்கிட்டா?" என்று நீ சிரித்தாய். "போன வாரம் வரைக்கும் அருமையான சவாரின்னீங்க, இன்னைக்குக் கொள்ளைக்காரன்றீங்க. எந்தக் கதை நெசம் சித்தப்பா?"

"ரெண்டும்தான்" என்றேன். உன் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயைத் தொறந்தா ஒண்ணாச்சும் மெய் வரணுமே இந்த மனுசனுக்கு" என்றாள். நீ என் தோளைத் தட்டிவிட்டு ஏணியில் ஏறிப் போய்விட்டாய். கப்பல் திரும்பியபோது ஆற்றுத் தண்ணீர் சேறாகச் சுழன்றது. நீ கையாட்டியது எனக்குத் தெரிந்தது. நானும் ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

போன வாரம் கொழும்பிலிருந்து உன் கடிதம் வந்தது. கப்பலின் மூன்றாம் அதிகாரி அந்த நாட்டுக்காரர் என்றும், என் படத்தை அவரிடம் காட்டியதாகவும் எழுதியிருந்தாய். "அவர் அந்த இடத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார், சித்தப்பா. பிப்ரவரியில் அங்கே கடல் உறைந்து குதிரை வண்டிகூடப் போகுமாம். நீங்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். துறையில் உங்களைக் கேலி செய்ததற்கு மன்னியுங்கள். நீங்கள் கடந்த அதே இடத்தில் கடந்து, அக்கரையிலிருந்து உங்களுக்கு எழுதுகிறேன்." என் வாழ்நாளில் என் பொய் ஒன்றுக்கு விஷயம் தெரிந்த ஒருவர் சாட்சி சொன்னது இதுதான் முதல் தடவை. நான் பட்டப்பகலில் கடையைச் சாத்தியதைப் பார்த்து உன் சித்தி, புள்ளைக்கு என்ன என்று ஓடி வந்தாள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறான் என்றேன். அவள் நம்பவில்லை. இந்தத் தடவை நான் சொன்னது உண்மையாக இருந்தும் நம்பவில்லை.

அந்த அதிகாரி சொன்னது தப்பில்லை, மகனே. பிப்ரவரியில் போகலாம்தான். நீ இறங்கப்போவது மார்ச் நடுவில். நம்மைப் போல வெயில் ஊரில் பிறந்தவர்களுக்குப் பனிக்கட்டி என்றால் கனம்தான் பலம். மரக்கட்டையைப் பார்க்கிற மாதிரி, ஒரு முழம் தடித்திருக்கிறதே, என்ன ஆகப் போகிறது என்று பார்ப்போம். அப்படி இல்லை. குளிர்காலத்து நாலு விரல் கட்டி ஆளைத் தாங்கும். பங்குனி வெயில் பட்ட ஒரு முழக் கட்டி தாங்காது. உள்ளே மெழுகுவத்திகளை நட்டமாக அடுக்கி வைத்த மாதிரி தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். மேலே பார்த்தால் தளம் போட்ட மாதிரி இருக்கும். அந்த ஊர் வெயிலில் வெளிச்சம் உண்டு, சூடு இல்லை என்று நினைப்பாய். நமக்குத் தெரியாமல் அது வேலை செய்துகொண்டிருக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் தனியாகப் போகவில்லை. காதர் மைதீன் என்று ஒருவன் கூட வந்தான். நாங்கள் இருவரும் ஒரே கப்பலில் நிலக்கரி வாரிப் போட்டவர்கள். எஞ்சினியராக இருந்தேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு இருபத்தாறு. கப்பலின் பின்விசிறி உடைந்து ஒரு ஸ்வீடன் துறையில் நின்றது. பட்டறைத் தச்சர் ஒருவரிடம் இரண்டு பழைய சைக்கிள்களை மலிவாக வாங்கிக்கொண்டு கிளம்பினோம். நாற்பத்தொரு ஊர், மூன்று தேசம், எட்டு மாதம் என்று நான் சொன்னதெல்லாம் ஏழு ஊர், ஒரு தேசம், பதினொரு நாள். ஏன் தனியாகப் போனேன் என்று கதை கட்டினேன் தெரியுமா? இரண்டு பேர் போனோம் என்றால், "இன்னொருத்தர் எங்கே?" என்பதுதான் அடுத்த கேள்வி.

நல்ல நாட்கள்தான் அவை, அதை மறைக்க மாட்டேன். சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு மிதிப்போம்; நீயும் அப்படிச் செய், எந்தக் கம்பளியும் அதற்கு ஈடாகாது. செயினுக்குக் கெட்டி கிரீஸ் போடாதே, குளிரில் மெழுகு மாதிரி இறுகிப்போகும், மெல்லிய எண்ணெயே போடு. காதர் பாடிக்கொண்டே வருவான். உருளைக்கிழங்கும் உப்பு மீனும் கொடுத்த வீடுகளில் எல்லாம் குழந்தைகளைச் சைக்கிளில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவான். நான் அந்த ஊர்ப் பாஷை தெரிந்த மாதிரி தலையாட்டிப் பேசுவேன். எனக்கு நாலு வார்த்தை தெரியும், அதில் இரண்டு வசவு. ஆனால் காதர் நம்பினான். "அண்ணனுக்கு எந்தப் பாஷையும் ஒரு நாளைக்குத்தான்" என்று பெருமையாகச் சொல்வான். நம்புகிறவன் பக்கத்தில் இருந்தால் பொய் சொல்கிறவனுக்கு என்ன தெம்பு வரும் என்பதை நான் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீதான் பிறகு அந்த இடத்துக்கு வந்தவன்.

பதினோராம் நாள் அந்த இடத்துக்கு வந்தோம். எதிர்க்கரையில் ஊர் தெரிந்தது, புகைகூடத் தெரிந்தது. மறுநாள் எங்கள் கப்பல் அந்த ஊருக்கு மறுபக்கம், உறையாத வெளிக்கடல் துறைக்கு வந்து பலகை ஏற்றப் போகிறது, அங்கே ஏறிக்கொள்ள வேண்டும். குறுக்கே மூன்று மைல் பனிக்கட்டி. சுற்றிப் போனால் பத்தொன்பது மைல். கரையில் ஒரு வீடு, வீட்டு முன்னால் ஒரு பெண்மணி, என் அக்கா வயது இருக்கும், மீன் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் சைக்கிளைக் கரையில் இறக்கியதும் ஓடி வந்து முன்னால் நின்றுகொண்டார். என் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏதேதோ சொன்னார். சுற்றிப் போகிற பாதையைக் காட்டினார், பிறகு பனிக்கட்டியைக் காட்டி இரண்டு கையையும் மார்பில் குறுக்கே வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். பாஷை தெரியாதவனுக்கும் அது புரியும். எனக்குப் புரிந்தது, மகனே. இதை நீ நன்றாகக் கேள். எனக்குப் புரிந்தது.

"என்னண்ணே சொல்றாங்க?" என்றான் காதர்.

"விருந்துக்குக் கூப்பிடுறாங்கடா. இருந்து காப்பி குடிச்சிட்டுப் போங்கன்றாங்க."

"அந்தம்மா முகத்தைப் பாத்தா விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி இல்லையேண்ணே."

"இந்த ஊர்ல இப்படித்தான்டா கூப்பிடுவாங்க. நேரமில்லைன்னு சொல்லிட்டேன், வா."

கரையில் பச்சைக் கிளைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. உறைந்த கடலில் வழி குறிக்க வரிசையாக நட்டு வைப்பார்கள். வழி ஆகாது என்றால் பிடுங்கிவிடுவார்கள். அதை எனக்குப் பிறகு சொன்னார்கள். அன்றைக்குக் காதர் கேட்டபோது, அடுப்புக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். நாங்கள் கேட்கமாட்டோம் என்று தெரிந்ததும் அந்தப் பெண்மணி வீட்டுச் சுவரிலிருந்து ஒரு பொருளை எடுத்து வந்தார். இரண்டு சிறிய மரப்பிடி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் ஆணி, இரண்டையும் கோத்து ஒரு கயிறு. ஒரே ஒரு சோடிதான் இருந்தது. இருவரில் சின்னவன் என்று பார்த்துக் காதர் கழுத்தில் மாட்டிவிட்டார். நான் சிரித்துக்கொண்டே, "மாப்பிள்ளை நானிருக்க, மாலை உனக்காடா?" என்று அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவனும் சிரித்தான். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை.

முதல் மைலில் ஒன்றும் இல்லை. சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது, காற்று முதுகில் தள்ளியது. இரண்டாவது மைலில் ஒரு சத்தம் வந்தது. பெரிய தேக்குமரத்தடி எங்கோ தூரத்தில் விழுந்த மாதிரி. விழுந்த சத்தம் நம் காலுக்கடியில் ஓடி எதிர்க்கரைக்குப் போகிற மாதிரி. காதர் மிதிப்பதை நிறுத்தினான். "அண்ணே, கீழ யாரோ நடக்குறாங்க" என்றான். திரும்பிவிடலாமா என்று அவன் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டது. திரும்பினால் அந்தப் பெண்மணி முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் நான் நினைத்தேன். "பயமா? எனக்கு முந்திப் போடா பாக்கலாம், எதிர்க்கரை யார் பிடிக்கிறான்னு" என்றேன். இருபத்திரண்டு வயதுப் பையனிடம் அப்படிச் சொன்னால் போதாதா? விழுந்தடித்து மிதித்து என்னை முந்தினான்.

முன்னால் நிறம் மாறியிருந்தது. வெள்ளையாக இருந்தது ஈரச் சிலேட்டு மாதிரி ஆகியிருந்தது. நான் பார்த்துக் கத்துவதற்குள் அவனுடைய முன்சக்கரம் கும்பிடுகிற மாதிரி குனிந்தது. சத்தமே இல்லை. இருபது முழம் தூரத்தில் அவன் தலையும் இரண்டு கையும் மட்டும் தெரிந்தன. நான் குப்புறப் படுத்து ஊர்ந்து போய் முண்டாசை அவிழ்த்து வீசினேன். பிடித்துக்கொண்டான். "அண்ணே, குளிரவே இல்லண்ணே" என்றான், ஆச்சரியப்படுகிற குரலில். நான் இழுத்தேன். என் மார்புக்குக் கீழே கட்டி பிரிந்தது. தண்ணீருக்குள் போனதும் நான் துணியை விட்டேன். துணி வழுக்கிவிட்டது என்று எழுதலாம். இந்தக் கடிதத்தில் அதை எழுதமாட்டேன். என் கையை நானே திறந்தேன். கழுத்தில் கிடந்த ஆணிகளைப் பிடித்துக் கட்டியில் குத்திக் குத்தி நான் மேலே வந்தேன். அவனுக்குக் குத்த ஒன்றும் இல்லை. அவன் கழுத்துக்கென்று கொடுத்தது என் கையில் இருந்தது.

என்னை இழுத்தது ஒரு படகு. ஆறு பேர் அதைப் பனிக்கட்டி மேல் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் விழுந்ததைப் பார்த்துக் கிளம்பியவர்கள் அல்ல. விழுவதற்கு முன்பே, நாங்கள் கரையை விட்டதுமே, அந்தப் பெண்மணி வீடு வீடாக ஓடிக் கூட்டி அனுப்பிய ஆட்கள். அவருக்குத் தெரிந்திருந்தது. என் இடது காலில் இரண்டு விரல் இல்லாததற்கு நான் சொன்ன ஓநாய்க் கதையும் இத்தோடு போயிற்று, மகனே. குளிர் தின்ற விரல்கள் அவை.

ரங்கூனுக்கு வந்து அவன் வீட்டில் என்ன சொன்னேன் என்பதுதான் இதைவிட மோசம். காதர் கப்பலை விட்டு இறங்கி ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான் என்றேன். அவன் உம்மா முதலில் அழுதார், பிறகு விசாரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெருநாளுக்கும், "கப்பல்காரங்க யாராச்சும் பாத்தாங்களாப்பா? புள்ள உண்டாயிருக்கா?" என்பார். நான் பிள்ளைகளைக் கொடுத்தேன். மூன்று பிள்ளைகள். நீலக் கண். மூத்தவன் படகு ஓட்டுவான். அந்த அம்மாள் மூன்று குல்லாய்கள் தைத்து, ஆள் மூலம் அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அவர் கண் மூடுகிறவரை அவை போய்ச் சேர்ந்துவிட்டன என்று நம்பிக்கொண்டிருந்தார். நம் கடைப் பரணில், பழைய ரிம்களுக்குப் பின்னால், துணியில் சுற்றி இருக்கின்றன.

உன் கடிதம் வந்த மறுநாள், மத்தியானத் தொழுகை முடிந்த நேரம் பார்த்து, முகல் தெருவில் காதரின் அண்ணன் இஸ்மாயிலுடைய குடைக் கடைக்குப் போனேன். நீ பார்த்திருக்கிறாய், ஒல்லியாக, கம்பி மாட்டிக்கொண்டே பேசுவார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் இருந்த குடையை விரிக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை.

"மூணு புள்ளைன்னு சொன்னியே" என்றார்.

"ஆமாண்ணே."

"கடைசிப் புள்ளைக்கு எங்க வாப்பா பேர வச்சிருக்கான்னு சொன்னே. உம்மா அன்னைக்கி ஊருக்கே சீனி குடுத்தாங்க. அந்தப் பேரும் நீயா வச்சதா?"

"நானாத்தாண்ணே வச்சேன்."

அவர் அந்தக் குடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். "எம் பொஞ்சாதிகிட்ட அவன எவ்வளவு ஏசியிருப்பேன் தெரியுமா?" என்றார். "பெத்தவளப் பாக்க வராத பயன்னு. இருவத்திரண்டு வருசம் ஒரு மவுத்தானவன ஏசிக்கிட்டிருந்திருக்கேன்." பிறகு, "உன் புள்ள எப்ப அங்க இறங்குறான்?" என்றார்.

"பங்குனி பொறந்த வாக்குலண்ணே."

"அப்ப இங்க என்ன நின்னுக்கிட்டிருக்கே? போ. போய் எழுது. அச்சுல போடு. என் தம்பி பேரப் போட்டு எழுது. பேர் இல்லாம எழுதுனா அதுவும் உன் கதைல ஒண்ணாப் போயிடும்." நான் படியிறங்கும்போது, "இனிமே இந்தப் படி ஏறாதே" என்றார். ஏறமாட்டேன்.

கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குத் தந்தியும் கொடுத்திருக்கிறேன். "பனிக்கட்டியில் போகாதே" என்று. அதைப் படித்து நீ சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்குக் கொள்ளைக்காரர் ஞாபகம் இன்னும் போகவில்லை என்பாய். இந்தக் கடிதத்தைப் படித்தும், கிழவன் என்னைத் திருப்பி அழைக்கக் காதர் என்று ஒருவனைப் படைத்துக் கொன்றுவிட்டான் என்று நினைக்கலாம். என்னைப் பற்றி நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது அப்படி. அதனால்தான் அந்த இரண்டு ஆணிக் கட்டைகளைத் தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன். நம் கடையில் டியூப் தொங்கவிடுவோமே, நீ அஞ்சு வயதிலிருந்து தொட்டுப் பழகிய அதே கட்டைகள். அவற்றுக்கு மட்டும் நான் எந்தக் கதையும் கட்டவில்லை என்பதைக் கவனித்திருக்கிறாயா? அவை எங்கிருந்து வந்தன என்று நீ கேட்ட போதெல்லாம் வேறு பேச்சு பேசினேன். வாயோயாதவன் ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்தால், அதில்தான் உண்மை இருக்கிறது.

உன்னைத் திரும்பி வரச் சொல்லவில்லை. போ. அந்தக் கடலோரத்தைச் சுற்று. தனியாகவே போ, காதருக்குப் பக்கத்தில் நான் இருந்ததைப் போல உனக்குப் பக்கத்தில் ஒருத்தன் இல்லாமல் இருப்பதே நல்லது. ஆனால் தனியாகப் போகிறவனைத் தடுக்கக் கூட ஆள் இருக்காது. அதனால் உன் சைக்கிளுக்கு முன்னால் வந்து நிற்கிறவர் யாராக இருந்தாலும், பாஷை புரிந்தாலும் புரியாவிட்டாலும், இறங்கிவிடு. முகத்தைப் பார். உனக்கு விளங்கும். விளங்கியதை விளங்காத மாதிரி நடிக்காதே, அது ஒன்றைத்தான் என்னிடமிருந்து நீ எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பத்திரிகை தபாலில் போய்ச் சேர்கிற துறைமுகங்களில் நம் ஆட்கள் இருப்பீர்கள். சூயஸில், மார்செய்லில், லண்டன் துறையில். உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். வடக்கே போகிற கப்பலில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் இந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தனுப்புங்கள். பையன் உயரம், கறுப்பு, இருபத்துநான்கு வயது, இடது புருவத்தில் ஸ்பேனர் பட்ட தழும்பு. பச்சைச் சாயம் அடித்த சைக்கிள், பின்னால் தகரப்பெட்டி. அவனைக் கண்டால் நிறுத்துங்கள். உன் சித்தப்பன் பொய்யன் என்று சொல்லுங்கள். அவன் சிரித்துக்கொண்டே, "எனக்குத் தெரியுமே" என்பான். அதோடு விட்டுவிடாதீர்கள். காதரைப் பற்றிச் சொல்லுங்கள்.

மகனே, இப்போது அந்தச் சுற்று வழியைச் சொல்கிறேன். இது எனக்குத் தெரியும். கால்விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூன்றாம் நாள், காதரை எங்காவது கரை ஒதுக்கியிருக்குமா என்று பார்த்துக்கொண்டே நடந்து போன வழி. பீப்பாய் வீட்டிலிருந்து இடது கைப்பக்கம் மேட்டில் ஏறு. மேட்டில் ஒரு காற்றாலை. அதைத் தாண்டி இரண்டு மைல் மரக்காடு, பாதையில் சேறு, இறங்கித் தள்ளித்தான் போக வேண்டும். காடு முடிந்ததும் கல்பாலம். அங்கே ஓடை எப்போதும் உறையாது, தண்ணீர் குடிக்கலாம். பாலத்திலிருந்து வலப்பக்கம் திரும்பினால் பாதை கடலை ஒட்டியே போகும். வழியில் நான்கு வீடுகள். கடைசி வீட்டில் நாய் உண்டு, கடிக்காது. அதற்குமேல் வீடே இல்லை, காற்றுதான். மேட்டில் மாதா கோயில் தெரிந்ததும் ஊர் வந்துவிட்டது. அந்தக் கோயில் காம்பவுண்டுக்குள் போய்ப் பார். பனி உருகிய பிறகு அவனை எடுத்திருந்தால் அங்கேதான் வைத்திருப்பார்கள். பெயர் தெரிந்திருக்காது அவர்களுக்கு. நீ சொல்லு. காதர் மைதீன், ரங்கூன்.

பத்தொன்பது மைல். இதில் ஒரு மைல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.